பைக் டேங்க் மூடி: கவுண்டரில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரை வடக்கு வெளி வீதிப் பக்கம் டூவீலர் ஸ்பேர்ஸ் கவுண்டரில் நிற்கிறவன் நான். மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம், நத்தம் என்று எங்கிருந்து வந்தாலும், டேங்க் மூடி என்று வாயெடுத்தால் ஏறக்குறைய ஒரே சந்தேகங்கள்தான். புது மூடி கேட்டு வருகிற பலருக்கு உண்மையில் மூடி தேவைப்படாது. ஒரு வாஷரோ, நாலு தடவை காற்றடிப்பதோ போதும். அதை ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதற்குப் பதில் இங்கே எழுதி வைக்கிறேன். கேள்விகள் கேட்டவர்கள் வாயிலிருந்து வந்தபடியே இருக்கின்றன.

1. அண்ணே, ஒரு டேங்க் மூடி கொடுங்க. எல்லா வண்டிக்கும் ஒண்ணுதானே?

இல்லை தம்பி. முதலில் வகையைப் பார்க்க வேண்டும். சாவியைத் திருப்பினால் மூடி முழுசாகக் கையோடு வந்துவிடுவது ஒரு வகை. ஸ்ப்ளெண்டர் மாதிரிப் பழைய 100 சிசி வண்டிகள் பலவற்றில் இதுதான். டேங்க்கோடு மட்டமாக உட்கார்ந்து, கீல் வைத்து ஒரு பக்கமாகத் திறப்பது இன்னொரு வகை. பல்சர், அப்பாச்சியில் பார்த்திருப்பீர்கள்; சுற்றிலும் ஒரு வளையம், அதில் ஆலன் போல்ட்டுகள் (தலையில் ஆறுமூலைக் குழி உள்ளவை). பழைய புல்லட்டில் சாவியே இல்லாமல் திருகி எடுக்கிற மூடி. ஸ்கூட்டர்களில் சீட்டுக்கு அடியிலோ, பின்பக்கத்திலோ தனி மூடி.

சாவி வைத்த எந்த வகையானாலும் உள்ளே இருப்பவை நான்குதான். சாவி போகிற லாக், அது இழுக்கிற கொண்டி, டேங்க் வாயில் அழுந்தி உட்காரும் ரப்பர் வாஷர், காற்று போய்வர ஒரு சின்ன வழி. அந்தக் கடைசிச் சமாச்சாரத்தை நாங்கள் ஏர் ஹோல் என்போம். இந்த நாலில் எது கெட்டது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

2. சாவி உள்ள போகுது, ஆனா திரும்பவே மாட்டேங்குது. லாக் போச்சா?

பெரும்பாலும் போயிருக்காது. டேங்க் லாக்கின் சாவித் துவாரம் வானத்தைப் பார்த்து இருக்கிறது. வண்டியிலேயே அதிகம் தூசி குடிக்கிற துவாரம் அதுதான். அதன் மேலிருக்கும் குட்டி மூடியின் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். மேலூர் பக்கம் கிரானைட் லாரி ஓடுகிற ரோட்டில் தினம் போய்வருகிற வண்டியின் லாக்கைப் பிரித்தால், உள்ளே வெள்ளையாக, ஈரமாக, பற்பசை பதத்தில் ஒன்று வரும். அதுதான் சாவியைத் திருப்ப விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது.

முதலில் உள்ளங்கையால் மூடியை நன்றாகக் கீழே அழுத்திக்கொண்டு சாவியைத் திருப்பிப் பாருங்கள். வாஷர் உப்பியிருந்தால் அது மூடியை மேலே தள்ளும், கொண்டி இறுகிக்கொள்ளும், சாவி திரும்பாது. அழுத்தினால் கொண்டிக்கு இடம் கிடைக்கும். நிறையப் பேருக்கு இங்கேயே திறந்துவிடும். திறக்கவில்லையென்றால் பஞ்சர் கடையில் துவாரத்துக்குள் காற்றடித்து, கொஞ்சம் டபிள்யூடி-40 (துரு இளக்கும் ஸ்பிரே) விட்டு, சாவியைப் பலமுறை போட்டு எடுங்கள். வருகிற அழுக்கைத் துணியில் துடைத்துவிட்டு மறுபடி போடுங்கள். காய்ந்த பிறகு கிராஃபைட் தூள் தூவினால் நல்லது. கிடைக்காவிட்டால் பென்சில் முனையைச் சாவியின் வெட்டுகளில் நன்றாகத் தேய்த்து உள்ளே விடலாம். இன்ஜின் ஆயில், தேங்காய் எண்ணெய் இரண்டும் வேண்டாம். அன்றைக்கு வழுவழுவென்று இருக்கும். அடுத்த மாதத் தூசி முழுவதையும் பிடித்து வைத்துக்கொள்ளும்.

கட்டிங் பிளேயரால் சாவியைப் பிடித்துத் திருகுவது மட்டும் கூடவே கூடாது. அப்புறம் 4-ஆம் கேள்விக்கு வந்து சேருவீர்கள். வீட்டில் பீரோவுக்குள் இருக்கிற இரண்டாவது ஒரிஜினல் சாவியை எடுத்துப் போட்டுப் பாருங்கள். தேய்ந்த சாவியைப் பார்த்து வெட்டிய டூப்ளிகேட் தேய்ந்த சாவியாகத்தான் பிறக்கும்.

3. சாவி லேசா சுத்துது, ஆனா மூடி தொறக்கலையே?

இது நேர் எதிர். லாக் திரும்புகிறது, கொண்டியை இழுக்கவில்லை. ஒன்று கொண்டி துருவேறி நகராமல் இருக்கும், அல்லது லாக்கையும் கொண்டியையும் இணைக்கிற குட்டித் துண்டு உடைந்திருக்கும். சாவியைத் திறக்கும் பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டு, மூடியின் மேல் கொண்டி இருக்கும் பக்கமாக (கீலுக்கு எதிர்ப்பக்கம்) ரப்பர் சுத்தியலாலோ செருப்பின் குதிகாலாலோ மெதுவாகத் தட்டுங்கள். துருப்பிடித்த கொண்டி என்றால் நாலைந்து தட்டில் விட்டுக்கொடுக்கும்.

சாவி எந்த எதிர்ப்பும் இல்லாமல் முழு வட்டம் சுற்றினால் உள்ளே உடைந்திருக்கிறது. தட்டிப் பயனில்லை, லாக் வேலை தெரிந்தவரிடம் விடுங்கள். திறந்ததும் மூடியை மாற்றிவிட வேண்டியதுதான். உடைந்த துண்டு தனியாக விற்பனைக்கு வருவதில்லை.

4. சாவி லாக்குக்குள்ளயே ஒடிஞ்சு போச்சு. என்ன செய்ய?

கையில் இருக்கிற பாதியைத் தூக்கி எறியாதீர்கள். இரண்டு பாதியும் கிடைத்தால் சாவிக்காரர் ஒட்டவைத்துப் பார்த்தே புதுச் சாவி வெட்டிவிடுவார்.

உள்ளே இருக்கிற துண்டு வெளியே வர வேண்டுமென்றால் லாக், சாவி போடுகிற நிலையில் இருக்க வேண்டும். பாதி திரும்பிய நிலையில் ஒடிந்திருந்தால் எவ்வளவு இழுத்தாலும் வராது. மெல்லிய திருப்புளி நுனியால் அந்தத் துண்டையே திருப்பி நேர்நிலைக்குக் கொண்டுவாருங்கள். பிறகு கொஞ்சம் டபிள்யூடி-40 விட்டு, மெல்லிய ரம்பப் பிளேடின் ஒரு கீற்றைப் பல்லு மேல்நோக்கிப் பார்க்கும்படி சாவியின் ஓரமாக நுழைத்து, சாவி வெட்டில் மாட்டி, மெதுவாக மேலே இழுக்க வேண்டும். பொறுமை இருந்தால் வரும். ஃபெவிக்விக் தடவி ஒட்டி இழுக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஒரு சொட்டு வழிந்தால் லாக் முழுவதும் கெட்டியாகிவிடும், அப்புறம் சாவிக்காரரும் கையை விரிப்பார்.

5. சாவியே தொலைஞ்சிருச்சு, டேங்க்ல பெட்ரோலும் இல்ல. டிரில் போட்டு எடுத்திரலாமாண்ணே?

போடக் கூடாது. இந்த ஒரு விஷயத்தில் நான் கொஞ்சம் கோபமாகவே பேசுவேன். "பெட்ரோல்தான் இல்லையே" என்பதுதான் ஆபத்தே. எரிவது பெட்ரோல் திரவம் அல்ல, அதன் ஆவி. மைனஸ் 40 டிகிரிக்குக் கீழேயே பற்றக்கூடிய அளவுக்கு ஆவி விடுகிற பொருள் அது. நம்மூர் வெயிலைச் சொல்லவே வேண்டாம். காற்றில் அந்த ஆவி சுமார் 1.4 முதல் 7.6 சதவீதம் கலந்திருந்தால் ஒரு பொறி போதும். நிறைந்த டேங்க்கைவிட, பெட்ரோலை வடித்துக் காற்று புகுந்த டேங்க்கில்தான் இந்தக் கலவை சரியாக அமையும். டிரில் மோட்டாருக்குள்ளேயே பொறி பறக்கும், இரும்பு உரசும் இடத்திலும் பறக்கும். போதாததற்கு உலோகத் தூள் டேங்க்குக்குள் விழுந்து ஃபில்டரையும், காற்றோடு பெட்ரோலைக் கலக்கிற கார்புரேட்டரையும் தேடிப் போகும்.

சுற்றியுள்ள ஆலன் போல்ட்டுகளைக் கழற்றினால் மூடி வந்துவிடாதா என்று அடுத்த கேள்வி வரும். வராது. கீல் வைத்த மூடியில் வெளியே தெரிகிற போல்ட்டுகளில் சில சும்மா அழகுக்கு. பிடித்துக்கொண்டிருக்கிற போல்ட்டில் ஒன்றாவது மூடியைத் திறந்தால்தான் தெரிகிற இடத்தில் இருக்கும். திருடனுக்காகச் செய்த ஏற்பாடு, சாவி தொலைத்தவரையும் தடுக்கிறது.

சரியான வழி சாவிக்காரர். பெரும்பாலான வண்டிகளில் ஸ்டார்ட்டிங் லாக்குக்கும் டேங்க்குக்கும் ஒரே சாவி என்பதால், ஏதாவது ஒரு லாக்கை வைத்துச் சாவி வெட்டிவிட்டால் எல்லாம் திறக்கும். வண்டியைத் தள்ளிக்கொண்டு போக முடியாவிட்டால் அவரை வரச் சொல்லலாம். ஆர்.சி. புத்தகத்தின் நகலைக் கையில் வைத்திருங்கள். நல்ல சாவிக்காரர் அதைக் கேட்பார். கேட்காதவரிடம் எனக்கு நம்பிக்கை வராது.

6. மூடியச் சுத்தி பெட்ரோல் கசியுது, வாடை தாங்கல. மூடிய மாத்தணுமா?

முதலில் ஒரு கேள்வி: பங்க்கில் எவ்வளவு போட்டீர்கள்? "ஃபுல் பண்ணுப்பா" என்று சொல்லி, விளிம்பு வரை நிரப்பி, மேலே இன்னும் இருபது ரூபாய்க்கு ரவுண்டு போட்டு, அப்படியே மாட்டுத்தாவணி ஸ்டாண்டில் சித்திரை வெயிலில் நிறுத்தினால் எந்தப் புது மூடியும் கசியும். பங்க்கில் பெட்ரோல் தரைக்கு அடியில் குளிர்ச்சியாக இருக்கிறது. சூடேறினால் ஒரு டிகிரிக்கு ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுக்கு விரியும். பத்து லிட்டர், இருபது டிகிரி சூடேறினால் கிட்டத்தட்ட 200 மி.லி. கூடுதல். அது எங்கே போகும்? டேங்க் வாய்க்குள் எட்டிப் பார்த்தால் கழுத்து மாதிரி ஒரு தகடு கீழே இறங்கியிருக்கும். அதன் அடிவிளிம்பைப் பெட்ரோல் தொட்டால் நிறுத்திவிட வேண்டும். மேலே இருக்கிற காலி இடம் விரிவதற்காக விட்டது.

பாதி டேங்க்கிலும் பிரேக் அடிக்கும்போது, ஸ்பீட் பிரேக்கரில் ஏறும்போது கசிகிறதென்றால் வாஷர் போய்விட்டது. மூடியைத் திருப்பிப் பாருங்கள். டேங்க் வாய் அழுந்திய தடம் ரப்பரில் ஆழமான வட்டமாகப் பதிந்திருக்கும், விரலால் அழுத்தினால் மெத்தென்று இல்லாமல் கட்டையாக இருக்கும், ஓரத்தில் வெடிப்பு ஓடியிருக்கும். அந்தத் தடம் ஒரு பக்கம் ஆழமாகவும் ஒரு பக்கம் தெரியாமலும் இருந்தால் வாஷர் மட்டும் காரணம் இல்லை, மூடியோ டேங்க் வாயோ வளைந்திருக்கிறது. அதற்கு 14-ஐப் பாருங்கள்.

7. வாஷர் மட்டும் தனியா கிடைக்குமா? இல்லேன்னா சைக்கிள் டியூப்ப வெட்டி வச்சுக்கவா?

பல மாடல்களுக்குத் தனியாகவே கிடைக்கும். மூடி விலையில் சின்னப் பங்குதான். பழைய வாஷரைக் கையோடு கொண்டுவந்தால் வைத்துப் பார்த்துத் தருவோம்.

சைக்கிள் டியூப் வேண்டாம். ரப்பர் எல்லாம் பார்க்க ஒன்றாக இருந்தாலும் பெட்ரோல் தாங்குவது நைட்ரைல் மாதிரி சில வகைகள்தான். டியூப் ரப்பர் பெட்ரோலைக் குடித்து உப்பி, கொழகொழவென்று ஆகி, அதன் துணுக்குகள் டேங்க்குக்குள் இறங்கும். உப்பிய வாஷரால் மூடி சாத்தாது. அழுத்திச் சாத்தினால் லாக் திரும்பாது. இப்போது பங்க்குகளில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். அதற்குத் தோதான ரப்பர் இல்லாத பழைய வாஷர்கள் சீக்கிரம் கெடும். பத்து, பதினைந்து வருட வண்டி வைத்திருப்பவர்கள் வருடத்துக்கு ஒருமுறை மூடியைத் திருப்பி வாஷரைத் தடவிப் பார்ப்பது நல்லது.

8. வண்டி நல்லாத்தான் ஓடுது, கொஞ்ச தூரம் போனதும் இழுத்து இழுத்து நின்னுருது. மூடியத் தொறந்து மூடினா மறுபடி ஓடுது. பேய் பிடிச்ச மாதிரி இருக்குண்ணே.

பேய் இல்லை, ஏர் ஹோல் அடைத்திருக்கிறது. டேங்க்கிலிருந்து ஒரு லிட்டர் பெட்ரோல் இறங்கினால் அந்த இடத்துக்கு ஒரு லிட்டர் காற்று உள்ளே வந்தாக வேண்டும். லிட்டருக்கு 60 கிலோமீட்டர் ஓடுகிற வண்டி இங்கிருந்து திருமங்கலம் போய்ச் சேருவதற்குள் சுமார் மூன்றில் ஒரு லிட்டர் குடித்துவிடும். காற்று வர வழியில்லையென்றால் டேங்க்குக்குள் வெற்றிடம் மாதிரி ஆகி, பெட்ரோல் கீழே இறங்காமல் அங்கேயே தொங்கும். கார்புரேட்டர் வண்டியில் பெட்ரோல் இறங்குவது தன் எடையால் மட்டுமே என்பதால் இது சீக்கிரம் தெரியும். மூடியைத் திறந்ததும் "உஸ்" என்று ஒரு சத்தம் வந்து, வண்டி ஸ்டார்ட் ஆனால் சந்தேகமே வேண்டாம். இன்னொரு அடையாளம்: டேங்க் நிறைய இருக்கும்போது சீக்கிரமாகவும், குறைவாக இருக்கும்போது தாமதமாகவும் நிற்கும். உள்ளே காற்றுக்கு இடம் எவ்வளவு இருக்கிறது என்பதைப் பொறுத்து அது மாறும்.

சரிசெய்ய, மூடியை வண்டியிலிருந்து கழற்றித் தனியே எடுத்து, அடிப்பக்கத்தில் இருக்கும் துளையைக் கண்டுபிடித்து, மெல்லிய கம்பியால் அழுக்கை இளக்கிவிட்டுக் காற்றடிக்க வேண்டும். டேங்க்குக்கு மேலே வைத்துக் குத்தினால் அழுக்கு உள்ளே விழும். சில மூடிகளில் நேர்த் துளை இருக்காது. உள்ளே குட்டி உருண்டையோ ரப்பர் இதழோ வைத்த வால்வு இருக்கும். காற்றை உள்ளே விடும், பெட்ரோலை வெளியே விடாது. அதைக் கம்பியால் குத்திக் கெடுத்துவிடாதீர்கள், காற்று மட்டும் அடியுங்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் இந்தப் புகார் கூடும். மழைக்குப் பயந்து மூடி மேல் பாலித்தீன் பையைப் போட்டு ரப்பர் பேண்டால் இறுக்கிக் கட்டிவிட்டு, வண்டி நின்றுவிட்டது என்று மெக்கானிக்கிடம் போகிறவர்கள் உண்டு. மெக்கானிக் பிளக்கை மாற்றுவார். பையைக் கழற்றச் சொல்ல யாருக்கும் தோன்றாது.

9. அப்ப மூடியில இன்னொரு ஓட்டை போட்டுட்டா பிரச்னை தீந்துச்சே?

ஒரு பிரச்னை தீர்ந்து மூன்று வரும். மழைத் தண்ணீர் அதன் வழியாக இறங்கும். வண்டி சாய்ந்து விழுந்தால் சூடான சைலன்சர் மேலேயே பெட்ரோல் ஊற்றும். வெயிலில் நிறுத்தினால் காசு கொடுத்து வாங்கினது ஆவியாகப் போய்க்கொண்டே இருக்கும். இருக்கிற துளையைச் சுத்தம் செய்யுங்கள்.

10. மழை பேஞ்சா டேங்க்குல தண்ணி எறங்கிருது. வாஷர் மாத்தியும் அதே கதை.

உங்களுடையது கீல் வைத்த, பள்ளத்தில் உட்கார்ந்த மூடியாக இருக்கும். அந்தப் பள்ளத்தில் விழுகிற மழைநீர் வெளியேற ஒரு துளை விட்டிருப்பார்கள். மூடியைத் திறந்து டேங்க் வாய்க்கு வெளியே, வளையத்துக்கு உள்ளே சுற்றிப் பாருங்கள். பென்சில் முனை போகிற அளவுக்கு ஒரு துளை தெரியும். அதிலிருந்து ஒரு குழாய் டேங்க்குக்குள் செங்குத்தாக இறங்கி அடியில் வெளியே வந்து, ரப்பர் ட்யூபோடு தரையைப் பார்த்து முடியும். அந்தத் துளையில் மண் அடைத்தால் பள்ளம் தொட்டியாகிவிடும். தண்ணீர் தேங்கி நிற்க நிற்க, நல்ல வாஷரே ஆனாலும் எங்காவது வழி தேடிக்கொள்ளும். நீங்கள் மூடியைத் திறக்கிற நேரத்தில் மிச்சமெல்லாம் நேராக உள்ளே போகும்.

சோதிப்பது சுலபம். மூடியைச் சாத்தியபடியே ஒரு டம்ளர் தண்ணீரை மூடியைச் சுற்றி மெதுவாக ஊற்றுங்கள். வண்டிக்கு அடியில் ட்யூப் நுனியில் சொட்ட வேண்டும். சொட்டவில்லையென்றால் தேங்கின தண்ணீரைத் துணியால் முழுக்க ஒற்றி எடுத்த பிறகுதான் மூடியைத் திறக்க வேண்டும். நைலான் கம்பி மாதிரி வளைகிற ஒன்றை மேலிருந்து விட்டு, கீழே ட்யூப் வழியாகக் காற்றடியுங்கள். நிறுத்தி வைத்த வண்டியில் ட்யூப் வாயில் குளவி மண் வைத்து அடைத்திருப்பதும் உண்டு.

சர்வீஸில் டேங்க்கை இறக்கி ஏற்றும்போது இந்த ட்யூபை மாட்ட மறப்பதும், மடங்கி நசுங்கிப் போவதும் சகஜம். வாட்டர் வாஷில் அழுத்தமான தண்ணீரை நேராக மூடி மேல் அடிக்க விடாதீர்கள். அந்த அழுத்தத்தைத் தாங்கச் செய்த வாஷர் அது இல்லை.

11. ஏற்கெனவே தண்ணி எறங்கிருச்சுன்னா?

பெட்ரோலைவிடத் தண்ணீர் கனம், அடியில் போய் உட்காரும். எத்தனால் கலந்த பெட்ரோல் கொஞ்சம் தண்ணீரைத் தன்னோடு கரைத்துக்கொள்ளும். அளவு மிஞ்சினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பிரிந்து கீழே இறங்கிவிடும்; இன்ஜின் முதலில் குடிப்பது அதைத்தான். அதனால் மேலே புதுப் பெட்ரோல் ஊற்றிச் சமாளிக்க நினைக்காமல் டேங்க்கை முழுதாக வடித்துவிடுங்கள். கார்புரேட்டர் வண்டியில் அதன் அடியிலிருக்கும் வடிகால் ஸ்க்ரூவையும் இளக்கி வடிக்க வேண்டும். இன்ஜெக்‌ஷன் வண்டியென்றால் (கார்புரேட்டருக்குப் பதில் பம்ப் பெட்ரோலை அழுத்தி அனுப்புகிற வகை) ஸ்டார்ட் பண்ணிப் பண்ணிப் பார்க்காமல் மெக்கானிக்கிடம் தள்ளிக்கொண்டு போங்கள். தண்ணீர் பம்ப்புக்கும் இன்ஜெக்டருக்கும் ஆகாது.

12. சரி, புது மூடியே வாங்குறேன். வரும்போது என்ன கொண்டாரணும்?

பழைய மூடியைக் கொண்டுவாருங்கள், அதுதான் பெரிய உதவி. முடியாவிட்டால் திறந்த நிலையில் மேலும் கீழும் தெளிவாக இரண்டு போட்டோ, வண்டியின் மாடல், ஆர்.சி.யில் இருக்கிற தயாரிப்பு வருடம். ஒரே பெயரில் வருகிற வண்டிக்கே வருடம் மாறினால் மூடி மாறும்.

கவுண்டரிலேயே சில விஷயங்களைப் பாருங்கள். சாவியைப் போட்டுத் திருப்பும்போது கொண்டி முழுக்க உள்ளே போய், விட்டதும் பட்டென்று வெளியே வர வேண்டும். வாஷர் சுற்றிலும் ஒரே தடிமனாக இருக்க வேண்டும். சாவித் துவாரத்தின் குட்டி மூடி தானாகச் சாத்திக்கொள்ள வேண்டும். ஏர் ஹோல் உள்ள மூடியென்றால், அது புதுசுதானே, அடிப்பக்கத் துளையில் வாய் வைத்து லேசாக உறிஞ்சிப் பாருங்கள். காற்று வர வேண்டும். மலிவு மூடிகளில் துளை இருக்கிற மாதிரி ஒரு குழி மட்டும் இருப்பதைப் பார்த்திருக்கிறேன். பளபளப்பைப் பார்த்து வாங்கினால் முதல் மழைக்காலத்திலேயே குரோம் உரியும். கம்பெனிப் பெட்டி மூடிக்குக் கூடக் கொடுக்கிற காசு கொண்டிக்கும் வாஷருக்கும் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

13. புது மூடி போட்டா ரெண்டு சாவி தூக்கிட்டுத் திரியணுமே?

மூன்று வழி இருக்கிறது. மூடியை மட்டும் வாங்கினால் அதற்குத் தனிச் சாவி. இரண்டு சாவியோடு வாழலாம், பலர் வாழ்கிறார்கள். லாக் செட்டாக வாங்கினால் ஸ்டார்ட்டிங், டேங்க், சைடு லாக் எல்லாமே புதுசாக ஒரே சாவியில் வரும். பழைய சாவி தொலைந்து போயிருந்தால் இதைத்தான் வாங்கச் சொல்வேன், ஏனென்றால் அந்தச் சாவி யார் கையில் இருக்கிறதென்று தெரியாது.

மூன்றாவது வழியைப் பெரும்பாலோர் கேட்பதே இல்லை. பழைய லாக் நன்றாக இருந்து, மூடிதான் உடைந்ததென்றால், பல மூடிகளில் அடிப்பக்க ஸ்க்ரூக்களைக் கழற்றி லாக்கை மட்டும் புது மூடிக்கு மாற்றலாம். லாக்கும் கெட்டிருந்தால், புது லாக்கின் உள்ளே இருக்கிற பித்தளைத் தகடுகளை உங்கள் பழைய சாவிக்குத் தக்கபடி மாற்றி அடுக்கித் தருகிற சாவிக்காரர்கள் இருக்கிறார்கள். தகடுகளின் ஸ்பிரிங் அரிசியைவிடச் சின்னது. வீட்டில் முயன்றால் கட்டிலுக்கு அடியில் தேடிக்கொண்டிருக்க வேண்டும்.

14. ராத்திரி எவனோ மூடிய நெம்பியிருக்கான். புது மூடி வாங்கினா ஒக்கார மாட்டேங்குது.

நெம்பினவன் மூடியோடு டேங்க் வாயையும் வளைத்துவிட்டான். வாயின் மேல் விளிம்பில் ஒரு கண்ணாடித் துண்டையோ நேரான ஸ்கேலையோ வைத்துப் பாருங்கள். எங்காவது வெளிச்சம் தெரிந்தால் அந்த இடம் இறங்கியிருக்கிறது. லேசான வளைவை டின்கர் வேலை செய்பவர் கட்டை வைத்துத் தட்டிச் சமன் செய்வார். அவர் டேங்க்கை வண்டியிலிருந்து இறக்கி, வடித்து, நன்றாகக் கழுவிய பிறகுதான் கை வைக்க வேண்டும். கேஸ் வெல்டிங், பற்றவைப்பு என்று பேச்சு வந்தால் 5-ஆம் பதிலைப் படித்துக் காட்டுங்கள். வாயே கிழிந்திருந்தால் டேங்க்கை மாற்றுவதுதான் வழி.

15. மூடிய நானே மாத்திக்கலாமா? கடையில கூலி கேக்குறாங்க.

கையோடு வருகிற வகையென்றால் மாற்றுவதற்கு ஒன்றுமே இல்லை. கீல் வைத்த வகையும் பெரிய வேலை இல்லைதான். நிழலில், காற்றோட்டமான இடத்தில், அடுப்பும் சாமி விளக்கும் பீடியும் இல்லாத இடத்தில் வண்டியை நிறுத்தி இன்ஜின் ஆறட்டும். மூடியைத் திறந்ததும் டேங்க் வாயில் ஒரு பெரிய சுத்தமான துணியை அடைத்துவிடுங்கள். துணி பெரிதாக இருக்க வேண்டும், அதுவே உள்ளே விழுந்துவிடக் கூடாது. போல்ட் ஒன்று டேங்க்குக்குள் விழுந்தால் அன்றைய நாள் முடிந்தது.

போல்ட் தலைக்குழியில் இருக்கிற மண்ணைக் குத்தி எடுத்த பிறகே ஆலன் கீயைப் போடுங்கள். பாதி ஆழத்தில் போட்டுத் திருகினால் மூலை மழுங்கிவிடும். அழகு போல்ட்டைக் கழற்றக் கஷ்டப்பட வேண்டாம், மூடிக்கு அடியில் ஒளிந்திருப்பதை மறக்கவும் வேண்டாம். துருப்பிடித்திருந்தால் டபிள்யூடி-40 விட்டு ஓர் இரவு விடுங்கள். சூடு காட்டவே கூடாது. புது வளையத்தை வைத்து எல்லாப் போல்ட்டையும் விரலால் முடிந்த அளவு திருகி, மூடியைச் சாத்தித் திறந்து பார்த்துவிட்டு, எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். வளையத்துக்கு அடியில் ரப்பர் இருந்தால், அதன் துளை 10-ல் சொன்ன வடிகால் துளைக்கு நேராக உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

16. நடு ரோட்டுல மூடி விழுந்து தொலைஞ்சிருச்சு. ஊர் போய்ச் சேர துணிய அடைச்சுக்கவா?

துணி வேண்டாம். திரி மாதிரி பெட்ரோலை உறிஞ்சி வெளியே கொண்டுவந்து டேங்க் முழுக்க ஈரமாக்கும். பக்கத்தில் மெக்கானிக் கடை இருந்தால் தள்ளிக்கொண்டு போங்கள். வேறு வழியே இல்லையென்றால் கெட்டியான பாலித்தீனை இரண்டு மூன்று மடிப்பாக வாய் மேல் வைத்துக் கயிற்றால் கட்டி, காற்று போகக் கொஞ்சம் தளர்வாக விட்டு, மெதுவாக ஓட்டி அடுத்த ஊர் வரை மட்டும் போங்கள். எம்-சீல் வைத்து அடைத்துவிட்டால் அடுத்த முறை பெட்ரோல் எப்படிப் போடுவீர்கள்?

17. ஸ்கூட்டர்ல வெளி மூடி தொறக்கல. இதுக்கும் இதே வைத்தியமா?

வெளியே பெட்ரோல் போடுகிற ஸ்கூட்டர்கள் பலவற்றில் மேலே தெரிவது வெறும் கதவு. அசல் மூடி அதற்கு உள்ளே. கதவைத் திறப்பது ஹேண்டிலுக்குக் கீழே இருக்கும் சாவி லாக்கிலிருந்து வருகிற கேபிள். கேபிள் தளர்ந்தாலோ கதவின் கொண்டியில் அழுக்கு சேர்ந்தாலோ திறக்காது. ஒருவர் கதவை உள்ளே அழுத்திப் பிடிக்க, இன்னொருவர் சாவியைத் திருப்பினால் பெரும்பாலும் திறந்துவிடும். உள் மூடிக்கு வாஷர், ஏர் ஹோல் சமாச்சாரம் எல்லாம் மேலே சொன்னதுதான்.

18. பழைய மாடல் மூடி என் பிஎஸ்-6 வண்டிக்கு அப்படியே பொருந்துது. விலையும் கம்மி. போட்டுக்கவா?

பொருந்துவது வேறு, சேருவது வேறு. 2020 ஏப்ரலிலிருந்து பிஎஸ்-6 என்கிற புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி செய்த வண்டிகள்தான் விற்பனை. இவற்றில் டேங்க் ஆவி வெளியே போகாமல், ஒரு ட்யூப் வழியாகக் கரி நிரப்பிய டப்பாவுக்குப் போய் அங்கிருந்து இன்ஜினுக்கே திரும்பும். அதற்கேற்றபடி மூடியின் காற்று வழியும் அமைந்திருக்கும். பழைய துளை மூடியைப் போட்டால் வண்டி ஓடும், ஆனால் ஆவி அந்தத் துளை வழியாகத் தப்பிக்கும். நிறுத்தின இடத்தில் வாடை அடிக்கும்.

இதற்கு நேர்மாறாகச் செய்தால் இன்னும் மோசம். காற்று வேறு வழியாக வருகிற வண்டிக்கான, துளையில்லாத மூடியைப் பழைய கார்புரேட்டர் வண்டியில் மாட்டினால் 8-ல் சொன்ன பேய் புது மூடியோடு வந்து ஏறும்.

19. இன்ஜெக்‌ஷன் வண்டிண்ணே. ஓடிக்கிட்டே இருக்கும்போது இழுவை போகுது. பம்ப் போச்சு, மாத்தணும்னு சொல்றாங்க. மூடி காரணமா இருக்குமா?

இருக்கலாம். பம்ப் விலையைப் பார்த்தால் மூடியை முதலில் சந்தேகப்படுவதுதான் லாபம். இந்த வண்டிகளில் பம்ப் பெட்ரோலை அழுத்தி அனுப்புவதால், காற்று வழி அடைத்தாலும் கார்புரேட்டர் வண்டி மாதிரி உடனே நிற்காது. வெற்றிடத்தை எதிர்த்துப் பம்ப் திணறும், வேகம் ஏறாது, பம்ப்பின் ரீங்காரம் கூடும். பிஎஸ்-6 வண்டியில் அடைப்பு மூடியில் இல்லாமல் கரி டப்பாவுக்குப் போகிற ட்யூபிலும் இருக்கலாம். டேங்க்கை ஏற்றும்போது மடங்கியிருக்கும். அல்லது விளிம்பு வரை பெட்ரோல் போட்டுப் போட்டு அந்தப் பக்கம் பெட்ரோலே ஏறியிருக்கும்.

வண்டியை இழுவை போகும் வரை ஓட்டுங்கள். ஓரமாக நிறுத்தி, காதை மூடிக்குப் பக்கத்தில் வைத்து மெதுவாகத் திறங்கள். காற்று உள்ளே இழுக்கிற சத்தம் வந்து, உடனே வண்டி பழையபடி இழுத்தால் பம்ப்பை விட்டுவிட்டு மூடியையும் ட்யூபையும் பார்க்கச் சொல்லுங்கள். சத்தமும் இல்லை, திறந்தும் மாற்றம் இல்லை என்றால் ஃபில்டரிலிருந்து ஆரம்பிக்கச் சொல்லுங்கள். வெயிலில் நின்ற வண்டியில் காற்று வெளியே வருகிற சத்தம் கேட்டால் அது ஆவி அழுத்தம். இந்தச் சோதனைக்கு அது கணக்கில்லை, மறுபடி ஓட்டித்தான் பார்க்க வேண்டும்.